பூசணிக்குப் புதைத்த பச்சைச் சாடி

இன்று காலை சாக்கடைக்கு எண்ணெய் அடிக்கிற ஆள் வந்துவிட்டுப் போனான். முதுகில் தகரக் குடுவையும் கையில் நீண்ட குழாயுமாக வாரத்துக்கு ஒருமுறை வருகிறவன்தான். அவன் தலை தெருமுனையில் தெரிந்ததுமே பின் ஜன்னலைச் சாத்திவிடுவது என் வழக்கம். கொசு எண்ணெயின் நெடி எனக்கு ஆகாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று சாத்தவில்லை. நெடி சமையலறையைத் தாண்டிக் கூடம்வரை வந்தது. நீ இறந்து நாற்பது நாள் ஆகிறது. நாற்காலியை அந்த ஜன்னல் பக்கமே இழுத்துப் போட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

உனக்குப் படிக்க வராது. ஆங்கிலம் மட்டுமில்லை, தமிழும் வராது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, அந்த மையைப் புடவைத் தலைப்பில் துடைப்பாய். புடவை பாழாகிறது என்று நான் கடிந்துகொள்வேன். ஆகவே நீ உயிரோடு இருந்திருந்தாலும் இந்த மடலை நானேதான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்தத் துணிவு எனக்கு இருந்திருந்தால் எழுதவே தேவைப்பட்டிருக்காது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்லத்தான் கான்வென்டில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் கிராணிமார் வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. என் கணவர் போக்குவரத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி. எங்கள் பின்வேலிக்கு அப்பால் இருபதடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அதற்கும் அப்பால் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகள், உங்கள் லயம். உன் கணவர் வண்டிகள் தடம் மாறத் தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றுகிறவர். அந்தத் துண்டு நிலம் ரயில்வேக்குச் சொந்தம். யாரும் கேட்காததால் எங்கள் பக்கம் பாதி எங்களுக்கும் உங்கள் பக்கம் பாதி உங்களுக்கும் என்று ஆகியிருந்தது. நடுவில் கோடு எதுவும் கிடையாது.

நீ முதன்முதலாக என் வேலிக்கு வந்தது ஒரு தாளோடுதான்.

"கிராணியம்மா, இதுல என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். ஸ்டேசன்ல கேட்டா சிரிக்கிறானுங்க."

படித்துச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அம்மை குத்த வேண்டிய நாள் பற்றிய அறிவிப்பு. அதன் பிறகு எந்த ஆங்கிலத் தாள் வந்தாலும் நேராக என்னிடம் கொண்டுவந்தாய். நான் படிக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு அது பிடித்திருந்தது. அதை இப்போது மறைப்பதில் பயனில்லை.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்த மறு வருடம் அரிசி கிடைக்காமல் போயிற்று. சீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் ஐந்து வாய்; சீட்டு அரிசி வாரத்தில் நான்கு நாளைக்குத்தான் வரும். வீட்டைச் சுற்றிக் கிடக்கிற மண்ணில் எதையாவது நடுங்கள் என்று சர்க்காரே சொன்னார்கள். நீ உன் பாதியில் பூசணி போட்டாய். உன்னைப் பார்த்து நானும் போட்டேன். எனக்கு அது ஒரு நல்ல முயற்சி. உனக்கு அது பிள்ளைகளின் சோறு. இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும்.

அது தண்ணீர் நிற்காத மண். எஞ்சினிலிருந்து கொட்டிய கரிச்சாம்பல் எத்தனையோ வருடமாக அதில் கலந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்றிய விதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மதியம் இலைகள் குடை மடங்கியதுபோல் தொங்குவதைப் பார்த்துவிட்டு, பூவாளியை எடுத்துக்கொண்டு போய் இலை, பூ, தண்டு என்று எல்லாவற்றின் மேலும் மழைபோலப் பொழிவேன். பத்து நாளில் இலைகளில் வெள்ளைப் பொடி படிந்தது. ஒரு கொடி அடித்தண்டிலேயே அழுகிற்று. நீ உங்கள் பக்கத்திலிருந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கிராணியம்மா, அது தாகம் இல்ல. மத்தியான வெயிலுக்குத் தலைய சாய்ச்சுக்கிட்டு இருக்கு. நீங்க சாப்பிட்டுட்டு அசர்றீங்கள்ல, அந்த மாதிரி."

"நான் பகலில் தூங்குவதில்லை," என்றேன்.

"சரி, நீங்க தூங்க மாட்டீங்க. செடி தூங்கும் லா. சாயங்காலம் வந்து பாருங்க. அப்பவும் தொங்கிக்கிட்டு இருந்தா, அதுதான் தாகம்."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இலைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. எனக்குக் கோபமே வந்தது.

அதற்குப் பிறகுதான் நீ உன் பானைகளைக் காட்டினாய். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் கழுத்துவரை புதைத்த ஒரு மண்பானை. காலையில் அதை நிரப்பி, வாயைக் கொட்டாங்கச்சியால் மூடி, மேலே ஒரு கல் வைப்பாய். மண் காயக் காய பானை கசிந்து கொடுக்கும். இலை நனையாது, சாம்பல் மண்ணில் தண்ணீர் ஓடிப்போகாது. குழாயில் தண்ணீர் வருவதே காலை இரண்டு மணி நேரம்தான். அதில் உன் எட்டுப் பானையையும் நிரப்பிவிடுவாய். எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் உன் பானைகள் வாய் உடைந்தும் விரிசல் விட்டும் இருந்தன. என் தோட்டத்தில் அப்படி ஒன்றை வைக்க எனக்கு மனமில்லை. என் கணவர் சீனக் கடையில் வாங்கி வந்திருந்த பச்சைச் சாடி ஒன்று வீட்டில் இருந்தது. கண்ணாடிபோல் மின்னும் மெருகு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். அதை எடுத்துக்கொண்டு போய், நிலத்தின் நடுவில் இருவருடைய கொடிகளும் சந்திக்கிற இடத்தில் புதைத்துத் தண்ணீர் நிரப்பினேன். தினமும் காலையில் அடிக்கோலை உள்ளே விட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதினேன். ஐந்து நாள் ஒரே அளவு. ஆறாம் நாள் அந்தக் குழியின் கொடி வாடியது.

நீ சாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"மெருகு பூசினதுல தண்ணி எப்படிம்மா கசியும்? இதுக்குச் சோறு வடிச்ச பானையே ஆகாது, எண்ணெய் எறங்கி அடைச்சிடும். தண்ணி மட்டும் வச்ச பானையா இருக்கணும். ஐயோ, அத அளந்து வேற எழுதியிருக்காங்க! எங்க காட்டுங்க, அந்த நோட்டக் காட்டுங்க!"

லயத்துப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் உன்னிடம் மிச்சமிருந்த பழைய பானைகளில் மூன்றைக் கொண்டுவந்து நீயே என் பக்கம் புதைத்துக் கொடுத்தாய். விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பார்க்கச் சொன்னாய். விரல் நுனியில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். காய் பெருக்கும்போது தண்ணீர் தவறக் கூடாது, முற்றும்போது குறைக்க வேண்டும். என் கொடிகள் பிழைத்தன. பிஞ்சுகள் விட்டன.

பச்சைச் சாடியை மட்டும் நான் தோண்டி எடுக்கவில்லை. வேர் அறுந்துவிடும் என்று உன்னிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்த பொருளை எல்லோரும் பார்க்கக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வர எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். பூசணி இலைகள் அதை மூடிவிட்டன. மழைத் தண்ணீர் அதில் நிரம்பிக் கிடந்தது.

அந்த மாதம்தான் உன் கடைசிப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் அவனை என் வீட்டில் படுக்க வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, கொயினா மருந்தை நானே புகட்டினேன். அதிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாய். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் வீட்டுக்கு ஒரே பெண்.

"அக்கா, அந்தச் சாடிய எடுத்துடுங்க. எடுக்க முடியலன்னா மண்ண அள்ளிப் போட்டு ரொப்பிடுங்க. தண்ணி நிக்குது," என்று இரண்டு முறை சொன்னாய். நாளைக்கு என்றேன் இரண்டு முறையும்.

காய்ச்சல் லயத்தில் வேறு வீடுகளுக்கும் பரவியது. அதனால் கொசு இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்கு முந்திய வருடம் மழைத் தண்ணீர் ஓடுகிற எங்கள் கூரைத் தகரப் பீலியில் கொசுப்புழு இருந்ததாகச் சொல்லி ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். இரண்டாவது முறை பிடித்தால் வேலை செய்கிற ஆபீசுக்கே எழுதுவார்கள். என் கணவர் அப்போது தலைமைக் கிராணி வேலைக்காகக் காத்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். இரவு படுக்கப் போகுமுன் என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழாமல் பார்த்துக்கொள் என்று கிட்டத்தட்டத் தினமும் சொல்வார்.

இன்ஸ்பெக்டர் ஒரு யுரேஷிய இளைஞர். ஆங்கிலமும் மலாயும் பேசுவார், தமிழ் தெரியாது. உன் பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றிலும் புழு இல்லை. நீ கூடவே நடந்து ஒவ்வொரு மூடியையும் பெருமையாக எடுத்துக் காட்டினாய். பிறகு அவருடைய கைத்தடி இலைகளுக்கு நடுவே எதிலோ தட்டியது. விலக்கிப் பார்த்தார். அகப்பையால் ஒரு வாய் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவ்வளவு தூரத்திலும் புழுக்கள் துள்ளுவது எனக்குத் தெரிந்தது.

"இனி சியாப்பா பூஞ்ஞா?" என்று மலாயில் கேட்டார். இது யாருடையது என்று கேட்கிறார் என்பது உனக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தாய்.

நான் முந்திக்கொண்டேன், ஆங்கிலத்தில். கான்வென்டில் பரிசு வாங்கித் தந்த உச்சரிப்பில். "அது அவளுடையது, ஐயா. பானை புதைப்பது இங்கே அவளுடைய பழக்கம். நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்," என்றேன்.

அவர் தொப்பியைத் தொட்டு எனக்கு நன்றி சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டார். நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாய். நான் உனக்காகப் பேசுவதாக நினைத்தாய். அவர் போனதும் வேலிக்கு ஓடி வந்தாய்.

"என்னாக்கா சொன்னீங்க? தொர தொப்பியெல்லாம் தொட்டாரு!"

"ஒன்றுமில்லை. பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன்."

"நீங்க இருக்கிறதுனாலதாங்க்கா எங்களுக்குத் தைரியம்," என்றாய்.

அன்று மாலையே சாடியைத் தோண்டி எடுத்திருக்கலாம். எடுத்தால் என்னுடையது என்று ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன். இரவு முழுவதும், அந்த இளைஞருக்கு மறந்துபோகும், நோட்டு தொலைந்துபோகும், மேலே இருக்கிறவர் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை உனக்குத் தாள் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்தாய்.

அதில் இருந்தது மூன்றே வரி. உன் பாதியில் உள்ள கொடிகளை எல்லாம் வெட்டி அகற்ற வேண்டும். பானைகளை உடைக்க வேண்டும். மறு உத்தரவு வரும்வரை அங்கே எதையும் நடக் கூடாது. சனிக்கிழமை ஆட்கள் வருவார்கள். என்னுடைய பாதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாளை இரண்டு முறை படித்தேன். நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சனிக்கிழமை அந்த நிலத்தைச் சுத்தம் செய்ய ஆள் வருவார்களாம்," என்றேன்.

"செடிய ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல? இன்னும் மூணு வாரம் போனா பத்துப் பன்னெண்டு காய் தேறும்க்கா. அத வச்சுத்தான் இந்த மாசத்த ஓட்டணும்."

"அதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை."

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன். இரண்டாவதற்கு அந்தச் சமாதானம்கூடக் கிடையாது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், உன் கணவர் ஆபீசுக்குப் போய்க் கெஞ்சியிருக்கலாம். முற்றாத காயையாவது நீ பறித்து வைத்திருக்கலாம். இரண்டு நாள் உன் கையில் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நீ பானைகளை நிரப்பி முடித்திருந்தாய். ஆறு கூலிகள் பாராங் கத்தியோடு வந்தார்கள். அவர்களை மேய்க்கிற மண்டோர் தமிழர், நரைத்த மீசைக்காரர். நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொடிய மிதிக்காம வாங்கண்ணே, பிஞ்சு இருக்கு," என்று நீ அவர்களை வரவேற்றாய்.

"மிதிக்கிறதா? வெட்டுறதுக்கே வந்திருக்கோம்."

"என்னாது?"

"தாள் வந்திருக்குமேம்மா. உன் பக்கம் பூரா வெட்டணும், பானைய ஒடைக்கணும். கொசுப்புழு இருந்துச்சாமே."

"என் பானையிலயா? எல்லாத்தயும் மூடி வச்சிருக்கேன், தொறந்து பாருங்கண்ணே. ஒண்ணுல புழு காட்டுங்க, நானே ஒடைக்கிறேன்!"

"பானையில இல்லம்மா. சாடியில." அவர் காலால் இலைகளை ஒதுக்கினார். வெயிலில் பச்சை மெருகு மின்னியது. "இது உன்னுதுன்னு எழுதியிருக்கு. கிராணியம்மாவே தொரைகிட்ட இங்கிலீசுல சொன்னாங்களாம்."

நீ திரும்பினாய். உன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கணக்குப் போடுகிற பிள்ளைபோல நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தாய். மண்டோரும் என்னைப் பார்த்தார். அவருடைய குரல் தணிந்தது.

"இந்தா பாரும்மா. இது உன் சாடியா, இல்லியா? இல்லைன்னா இப்பவே சொல்லு. வேலைய நிறுத்திட்டு ஆபீசுல போய்ச் சொல்றேன். யார் சாடி இது?"

அப்போது கிள்ளானுக்குப் போகிற கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. அது போய் முடிகிறவரை யாரும் எதுவும் பேச முடியாது. பெட்டி பெட்டியாக அது போய்க்கொண்டிருந்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். வண்டியின் சத்தம் எனக்கு ஒரு சாக்காக இருந்தது. கடைசிப் பெட்டியும் போயிற்று. சத்தம் தேய்ந்தது. நீ அப்போதும் காத்திருந்தாய். எனக்கு மறைந்துகொள்ள எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகும் காத்திருந்தாய். தமிழில் ஒரே ஒரு சொல் போதும். அது வரவில்லை.

நீ மண்டோரிடம் திரும்பினாய். "வெட்டுங்கண்ணே," என்றாய்.

பூசணித் தண்டை வெட்டினால் தண்ணீராகக் கொட்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று காலை நீ ஊற்றிய தண்ணீர். முஷ்டியளவு பிஞ்சுகளைக் குவியலில் எறிந்தார்கள். எட்டுப் பானைகளையும் மண்வெட்டியால் உடைத்தார்கள். சாடியையும் உடைத்தார்கள், அது உடைய இரண்டு அடி வேண்டியிருந்தது. குழிகளில் எண்ணெயை ஊற்றினார்கள். உன் பிள்ளைகள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

மறுநாள் காலை நீ வழக்கம்போல என் வேலிக்கு வந்தாய். நான் இரவெல்லாம் பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எந்தக் கேள்வியையும் நீ கேட்கவில்லை.

"பானைக்குத் தண்ணி ஊத்தியாச்சா, கிராணியம்மா? காய் பெருக்கிற நேரம். விட்டுடாதீங்க," என்றாய்.

அக்கா போய்விட்டது. அதன் பிறகு நீ சாகிறவரை அந்தச் சொல் திரும்பி வரவில்லை.

வேறு எதிலும் மாற்றம் இல்லை. வெளியில் இருந்து பார்க்கிற யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சிரித்தாய், கேலி பேசினாய், என் மகள் கல்யாணத்துக்கு வந்து நாள் முழுக்கத் தேங்காய் துருவினாய். ஆனால் அடுத்த ஆங்கிலத் தாள் உன் வீட்டுக்கு வந்தபோது, மழையில் குடை பிடித்துக்கொண்டு என் வீட்டைக் கடந்து, ஆஸ்பத்திரி டிரெசர் வீடுவரை நடந்தாய். நான் முன்வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். "எங்க போறே இந்த மழையில?" என்று கேட்டேன். "சும்மாதான், கிராணியம்மா," என்றாய். தாளைப் புடவைக்குள் மறைத்திருந்தாய். பதினேழு, பதினெட்டு வருடம் ஒரு தாளையும் நீ என்னிடம் நீட்டவில்லை.

என் கொடிகள் அந்த முறை நன்றாகக் காய்த்தன. காய் முற்ற முற்ற இரண்டு இரண்டாக உனக்கு அனுப்பினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டாய். அதில் பாதியைச் சமைத்து அதே தட்டில் எனக்குத் திருப்பி அனுப்புவாய். என் கணவர் அதை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே, "பின்னால் அந்தப் பக்கம் ஏன் மொட்டையாகக் கிடக்கிறது?" என்று கேட்டார். சுகாதார ஆபீஸ் ஆட்கள் வெட்டிவிட்டார்கள் என்றேன். "பாவம்," என்றார். ஆறு மாதத்தில் தலைமைக் கிராணி ஆனார். கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

உன் சாவுக்கு வந்தேன். கூட்டத்தோடு நின்றேன், கூட்டத்தோடு திரும்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை தனியாக ரயிலேறி, சாலாக் செலாத்தானில் உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். உன் மகள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொடியை வெட்டியபோது அவளுக்குப் பத்து வயது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சுப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று தெரியும்.

"அந்தப் பச்சைச் சாடி எங்களோடது. உங்க கொடிய வெட்டினது என் பொய்யால," என்றேன்.

அவருக்குக் காது மந்தம். இன்னொரு முறை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"அட, அதுவா," என்றார். "தெரியுமேம்மா. அந்த மாதிரிச் சாடி வாங்கி மண்ணுல பொதைக்கிற அளவுக்கு லயத்துல எவன்கிட்ட இருந்துச்சு? எல்லாருக்கும் தெரியும். அந்த மண்டோருக்கே தெரியும்."

"எல்லாருக்குமா?"

"யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவ சொல்லி வச்சிருந்தா. அவங்களே வந்து சொல்லட்டும்னா. கொஞ்ச நாள் பார்த்தா." அவர் கையை விரித்தார். "அப்புறம் அதப் பத்திப் பேசுறத விட்டுட்டா."

இத்தனை வருடம் அந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது.

உன் மகள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க, கிராணியம்மா. அம்மா இருக்கிறப்ப வராம இப்ப எதுக்கு வந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"யாரப் பாத்து? ஒரு பாயிண்ட்மேன் பொண்டாட்டியப் பாத்தா?"

"ஆமாம்," என்றேன்.

அவள் ஒரு கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். பிறகு, "நீங்க அனுப்புன பூசணிய அம்மா எங்களுக்குப் போடல," என்றாள். "சமைச்சு உங்களுக்குப் பாதி குடுத்துட்டு மீதிய அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. நாங்க மரவள்ளிக்கிழங்குதான் தின்னோம், அந்த மூணு மாசமும். தம்பி அழுவான். தொண்டையில நிக்கும்டா, வேணாம்டான்னு அம்மா சொல்லுவாங்க."

"விடும்மா, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட," என்றார் உன் கணவர். எனக்குத் தேநீர் போடச் சொன்னார். அவள் எழுந்து போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தேன். மிச்சம் வைக்கவில்லை.

இன்று காலை உனக்கு எழுதத் தொடங்குமுன், சுகாதார ஆபீசுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இத்தனை வருடம் கழித்து அதை எந்தக் காகிதக் கட்டில் சேர்ப்பார்கள் என்று தெரியாது. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரிக்கவும் செய்வார்கள். சிரிக்கட்டும். இன்ன வருடம் லயத்துக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தில் புழுவோடு கண்டெடுத்த சாடி, கீழே கையெழுத்திட்டிருக்கும் என்னுடையது என்றும், பாயிண்ட்மேன் மனைவியின் எட்டுப் பானைகளும் தினமும் நிரப்பி மூடப்பட்டிருந்தன, அவற்றில் ஒரு புழுவும் இருந்ததில்லை, அதை உங்கள் இன்ஸ்பெக்டரே திறந்து பார்த்தார் என்றும் எழுதினேன். அதற்கு ஒரு நகலும் எடுத்தேன். அது உன் மகளுக்கு. அதை அவள் என்னைத் தவிர வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று உறையின் மேல் தமிழில் எழுதியிருக்கிறேன்.

எழுதி முடித்தால் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கூட்ஸ் வண்டி போய் முடிந்த பிறகு, மண்டோருக்குப் பதில் சொல்லாமல், நீ எனக்காகக் காத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அப்படியே என்னிடம் இருக்கிறது. அதை எந்த ஆபீசுக்கும் எழுதி அனுப்ப முடியவில்லை.